கிராணி வீட்டு மோரிஸ் மைனர்



சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. செமோர் சந்தையிலிருந்து கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி அவருடைய மகன். என்னிடம் படித்த பையன்தான். கணக்கில் சுமார், கைவேலையில் கெட்டிக்காரன். இப்போது இருபத்து மூன்று வயது; ஒரு தொழிற்சாலையில் வேலை.

"சார், இவனுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும். பழைய காடி ஒன்னு வாங்கப் போறானாம். ஓடவும் ஓடாது, நகரவும் நகராது. அதுக்குப் புது இஞ்சின் வேற போடணுமாம். அவங்கப்பா முப்பது வருசம் பால்மரம் வெட்டிச் சேர்த்த இ.பி.எப். காசு சார். அதுல கை வைக்கப் பாக்குறான்."

"என்ன காடி தம்பி?" என்று கேட்டேன்.

"மோரிஸ் மைனர் சார். 1958. நம்ம பழைய தோட்டத்துப் பெரிய கிராணி வச்சிருந்தாரே, அதேதான்."

அம்மாள் சட்டென்று என்னைப் பார்த்தார். "அந்தக் காடிமேல சாஞ்சு நின்னதுக்குத்தான் சார் எங்க அண்ணன் சின்ன வயசுல அடி வாங்குனான். அதைப் போயி இவன் வாங்குறேங்கிறான்."

வாசகர்களே, அந்த ஒரு சொல்லில் எத்தனை ஆண்டுக் கதை அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? துரைக்குப் பெரிய கார், கிராணிக்குச் சின்னக் கார், கங்காணிக்குச் சைக்கிள், நமக்கு இரண்டு கால். தோட்டத்தில் வண்டியைப் பார்த்தே ஆளின் படியைச் சொல்லிவிடலாம். அந்தச் சின்னக் காரைக் கழுவித் துடைத்தவர்கள் நம் பிள்ளைகள். ஏறி உட்கார்ந்தவர்கள் வேறு பிள்ளைகள். பால்மரம் வெட்டியவரின் மகனுக்கு அந்தக் கார்மேல் ஆசை வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. "போய்ப் பார்ப்போம்" என்று புறப்பட்டேன்.

போகும் வழியில் பையனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரைப் படைத்தவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி தயாரானபோது அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியாக வந்த இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடியது. இன்றும் அந்தக் காரின் பானெட் நடுவில் தட்டையாக ஒரு பட்டை ஓடுவதைக் காணலாம். அதுதான் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்.

இன்னொரு செய்தி நம் கதைக்கு மிகவும் தேவையானது. அந்தக் காருக்கென்று இசிகோனிஸ் நினைத்து வைத்திருந்தது படுத்த நிலையில் நான்கு சிலிண்டர் கொண்ட அகலமான இஞ்சின். அது கைகூடவில்லை. முந்திய மோரிஸ் காரின் 918 சி.சி. பழைய இஞ்சினையே வைத்து அனுப்பினார்கள். 1952-இல் மோரிஸும் ஆஸ்டினும் ஒரே நிறுவனமாக இணைந்ததும் ஆஸ்டினின் 803 சி.சி. இஞ்சின் வந்தது. 1956-இல் 948, 1962-இல் 1098. ஆக, இந்தக் கார் பிறந்தது முதலே இஞ்சின் மாற்றிக்கொண்டே வந்த கார். அகலமான இஞ்சினுக்காக விட்ட இடம் அப்படியே இருப்பதால்தான், இன்றைக்கும் நம் பையன்கள் அதில் வேறு இஞ்சினை இறக்க ஆசைப்படுகிறார்கள். 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று செம்பனைக் காட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்தது.

பெரிய கிராணி காலமாகிப் பல ஆண்டுகள். அவருடைய மகன் வண்டியைக் காட்டினார். 6,000 வெள்ளி கேட்டார். பையனின் கண்கள் நேரே இஞ்சினுக்குப் போயின. நான் ஒரு திருப்புளியையும் சிறு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

ஏன் தெரியுமா? இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. லாரிக்கு அடியில் இருப்பது போன்ற நீள இரும்புகள் முழுதாக இல்லை, உடலே எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, தரைத் தகடு, பின்பக்க வில் தொங்கும் இடம், முன் மட்கார்டுக்கு உட்புறம் ஆகிய இடங்கள் துருப்பிடித்தால், மேலே எத்தனை பளபளப்பான சாயம் அடித்தாலும் அது ஓட்டை மரக்கலம்தான். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பூச்சு மாவு இருக்கிறது என்று பொருள். திருப்புளியால் அழுத்தினால் உள்ளே போகும் இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கின் மழைக்கு இது பெரிய சோதனை. அந்தக் காரில் இடப்பக்கப் பெட்டித் தகடு முழுவதும் போயிருந்தது. தரையில் இரண்டு இடங்களில் மண் தெரிந்தது. வில் தொங்கும் இடம் மட்டும் உறுதியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து, "கிரான் எங்கே?" என்று கேட்டேன். கிரான் இன்னும் காலமான கிராணியின் பெயரிலேயே இருந்தது. வாசகர்களே, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை, வாரிசு என்று சொல்லிக்கொண்டு யாரும் நேரே விற்றுவிட முடியாது. முறையான வாரிசுப் பத்திரம் பெற்ற பின்னரே ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்ற முடியும். "பத்திரம் கையில் வரட்டும், பிறகு பணம்" என்றேன். பையனுக்கு முகம் வாடியது. விற்பவர் நல்லவர், அலைந்து திரிந்து நான்கு மாதத்தில் பத்திரம் பெற்றுத் தந்தார். அந்த நான்கு மாதத்தில் எங்களுக்கு நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது.

என்ன பேசினோம்? முதலில் பிரேக்.

என் தந்தையார் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். கிராணியின் மைனரைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகு மரை உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை தன் கூட்டுக்குள் சுழலும். கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கூட்டிலிருந்து கழன்றுவிடும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கார் மூக்கடித்து உட்காரும். எங்கள் தோட்டத்து டிரெஸரின் காருக்கு அப்படியே நடந்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரி வளைவில் மெதுவாகத் திரும்பும்போது நடந்தது. பெரிய சாலையில் நடந்திருந்தால்? "இஞ்சின் நின்னா வழியில நிப்போம், சக்கரம் போனா சுடுகாட்டுல நிப்போம்" என்பார் என் தந்தை.

பிரேக்கும் அப்படித்தான். மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எண்ணெய் போகும் வழி ஒன்றே ஒன்று. எங்கேயாவது ஒழுகினால் நான்கும் போச்சு. எண்ணெய் ஊற்றும் மூடி எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுபவரின் காலடியில், தரை விரிப்புக்குக் கீழே! கண்ணில் படாததால் மறந்துபோனவர்கள் பலர்.

இந்த நிலையில் பையனின் ஆசை என்ன? டட்சன் 120-ஒய் இஞ்சினை இறக்க வேண்டும். 1970-களில் நம் நாட்டுச் சாலைகளை நிறைத்த அதே டட்சன்தான். அது 1171 சி.சி. இஞ்சின். நிசான் வேனெட் வேனில் வந்த 1500 சி.சி. இஞ்சினும் அதே குடும்பம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிசான் கம்பெனி 1952-இல் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆஸ்டின் கார்களை ஜப்பானில் பொருத்தித்தான் தொழிலில் தேர்ந்தது. குருவின் வண்டிக்குச் சீடனின் இஞ்சின்! அந்த இஞ்சின் மெலிதானது, உழைப்பது, மைனருக்குள் அடங்குவது. பல நாடுகளில் இதைச் செய்து ஓட்டியிருக்கிறார்கள். ஆகவே பையன் சொன்னது பைத்தியக்காரத்தனம் அல்ல.

ஆனால் வேலையைக் கேளுங்கள். இஞ்சின் தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்பெட்டியும் மாறும், அதனால் பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டை அளந்து வெட்டிச் சமன்படுத்த வேண்டும். ரேடியேட்டர், புகைக்குழாய், வேகமானிக் கம்பி எல்லாம் மாறும். மைனரின் மின்சாரம் நேர்முனையை உடலோடு சேர்த்தது; டட்சனுக்கு எதிர்முனை. இதை மறந்து பேட்டரியைப் பழையபடி இணைத்தால் புது ஆல்டர்னேட்டர் அந்த நிமிடமே எரிந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காக ஓடும் இரும்பை இடம் போதவில்லை என்று சிலர் வெட்டிவிடுகிறார்கள். முன் சக்கரங்களின் முறுக்குக் கம்பிகள் பின்பக்கம் அதில்தான் ஊன்றி நிற்கின்றன. அதை வெட்டுவது வீட்டின் நடுத்தூணை அறுப்பதற்குச் சமம்.

இன்னொன்று. 1958-ஆம் ஆண்டு மைனரின் 948 சி.சி. இஞ்சினுக்கு 37 குதிரைத்திறன். டட்சன் இஞ்சினின் திறன் இரட்டிப்பை நெருங்கும். 37 குதிரையை நிறுத்தச் செய்த பிரேக்கும், 37 குதிரையைத் தாங்கச் செய்த பின் அச்சும் அப்படியே இருக்க, இஞ்சினை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு வழியில்லாத கதைதான்.

இந்தியாவில் நடந்த இரண்டு கதைகளைப் பையனுக்குச் சொன்னேன். முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையே 1957 முதல் இந்தியாவில் அம்பாசிடர் ஆயிற்று. அதற்கு முதலில் ஒரு பழைய இஞ்சின், பிறகு 1489 சி.சி. இஞ்சின், பிறகு டீசல், 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு 1800 சி.சி. இஞ்சினும் ஐந்து கியரும். பின்னாளில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. உடல் அதேதான், இஞ்சின் மாறிற்று, பிரேக்கும் மாறிற்று. 2014 வரை அந்த வண்டி உற்பத்தியில் இருந்தது.

இரண்டாவது, சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. டிரயம்ப் ஹெரால்டு காரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்து நல்ல பெயர் வாங்கியவர்கள். 1985-இல் இங்கிலாந்தின் அழகான ரோவர் காரைக் கொண்டுவந்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெயரிட்டார்கள். ஆனால் உள்ளே வைத்தது 1940-களில் பிறந்த வேன்கார்டு காரின் பழைய இரண்டு லிட்டர் இஞ்சின். உடல் இராஜா, உள்ளம் கிழவர். பெட்ரோலைக் குடித்தது, ஓட்டத்தில் சோர்ந்தது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது, கம்பெனியும் நொடித்தது. உடலும் இஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பெரிய கம்பெனியும் தப்பாது என்றால், செமோரில் ஒரு தகரக் கொட்டகை தப்புமா?

"அப்ப இஞ்சினே மாத்தக் கூடாதா சார்?" என்று கேட்டான்.

மாற்றலாம். வழி மூன்று. பழைய 948 இஞ்சினையே பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன், பேரிங் போடுவது ஒன்று. இந்த ஆஸ்டின் இஞ்சின் குடும்பம் 1951-இல் பிறந்து, மினி காரில் 2000-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. ஆகவே சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. அப்படிச் செய்யும்போது வால்வு உட்காரும் இடங்களில் கடினமான உருக்கு வளையம் வைக்கச் சொல்ல வேண்டும். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வு இருக்கையைக் காத்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. வளையம் இல்லாவிட்டால் கடும் ஓட்டத்தில் இருக்கை தேய்ந்துகொண்டே போகும். இரண்டாவது வழி, அதே குடும்பத்து 1275 சி.சி. இஞ்சின். உறவுக்குள் சம்பந்தம் செய்வது போல, அதிக வெட்டுக்கொத்து இல்லாமல் பொருந்தும். மூன்றாவது வழிதான் டட்சன்.

எதைச் செய்தாலும் இஞ்சின் எண் மாறினால் ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். புஸ்பாக்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதனை வேண்டும். கிரானில் புது எண் ஏற வேண்டும். ஆப்-கட் கடையில் இஞ்சின் வாங்கினால் இரசீதும் தஸ்தாவேஜுகளும் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லாத இஞ்சின் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கிரானில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்றால், விபத்து நேர்ந்த அன்று நம் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இனி, அம்மாளின் கவலைக்கு வருகிறேன். பணம்.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனின் தந்தை அதிகம் பேசாத மனிதர். "அவன் ஆசைப்படுறான், குடுத்துடலாம்னு பாக்குறேன் சார்" என்றார். நான் மறுத்தேன். "அண்ணே, இது உங்க முதுகெலும்புக் காசு. தோட்டத்து வீட்டை விட்டு வந்தாச்சு. இனி மருந்துக்கும் மழைக்கும் அதுதான் குடை. பழைய கார் பசிக்கிற பிள்ளை மாதிரி, எவ்வளவு போட்டாலும் இன்னும் கேக்கும்" என்றேன். பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, செலவை ஐந்து தலைப்பில் எழுதச் சொன்னேன்: பத்திரம், தகடு, சக்கரமும் பிரேக்கும், மின்சாரம், இஞ்சின். ஒவ்வொன்றுக்கும் விசாரித்து விலை போட்டான். கூட்டியபோது அவனே பேசாமல் உட்கார்ந்துவிட்டான். காரின் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல்!

ஆகவே ஓர் உடன்பாடு செய்தோம். அப்பாவின் பணத்தில் ஒரு காசும் இல்லை. காரை அவன் சேமிப்பில் வாங்குவது. மாதச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக ஒரு பகுதி மட்டும் காருக்கு. ஒரு தலைப்பு முடியாமல் அடுத்த தலைப்புக்குப் போகக் கூடாது. இஞ்சின் கடைசி. கழற்றிய பழைய இஞ்சினை விற்கவும் கூடாது. எண்ணெய் பூசி மூடி வைக்க வேண்டும். பின்னாளில் மனம் மாறினால் திரும்பும் வழி இருக்க வேண்டுமல்லவா?

தகடு வேலைக்கு ஈப்போ மெங்லெம்புப் பக்கம் ஒரு பட்டறையில் விலை கேட்டான். அங்கே இருந்த சீனத் தவுக்கே பையனின் கையைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வா, நீயே பற்றவைக்கக் கற்றுக்கொள், தகட்டுக் காசு மட்டும் கொடு" என்றாராம். ஐந்து மாதம் போனான். இடப்பக்கப் பெட்டித் தகட்டை அவனே வெட்டி, மடக்கி, பற்றவைத்தான். முதல் தையல் கோணல். நான்காவது தையல் நேர்.

இலங்கையைப் பற்றியும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் கிடைக்காத காலத்தில், அங்குள்ள தொழிலாளர்கள் பழைய மைனர்களைக் கையால் சரிசெய்தே ஓட்டினார்கள். அந்தக் கைத்திறன் வளர்ந்து, 1990-களில் மைனருக்கான தகடுகளை அங்கே செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் செய்த காருக்கு நம் பக்கத்து மனிதன் ஒட்டுப்போட்டு, அதை அவனே காசு கொடுத்து வாங்கினான். கைத்தொழிலுக்குத் துரை, கிராணி என்ற படிகள் கிடையாது.

இப்போது கார் எந்த நிலையில் இருக்கிறது? தகடு முடிந்தது. முன் தண்டுகள் புதிதாக வந்துவிட்டன. கிரீஸ் துப்பாக்கியும் வாங்கிவிட்டான். பிரேக் பாதி வேலை. இஞ்சின் இன்னும் இல்லை. டட்சனா, 1275-ஆ என்று அவன் முடிவு செய்யவில்லை. ஆனால் டட்சன் என்றால் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும், அதையும் ஜே.பி.ஜே.யில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவனே எனக்குச் சொன்னான். அந்தச் சொல்லைக் கேட்டதில் எனக்குப் பரம திருப்தி. தொழிற்சாலை வேலையை விட்டுவிடாமல், ஈப்போவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்புச் சான்றிதழுக்கு வழி இருக்கிறதா என்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

கார் லாரியில் ஏறி அவர்கள் வீட்டுக்கு வந்த நாளில் நானும் போயிருந்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. ஒரு சிறுவன் பானெட்மேல் கை வைத்தான். "டேய், தொடாதே" என்று யாரோ அதட்டினார்கள். அம்மாள் முன்னால் வந்து, "தொடட்டும், தொடட்டும். நம்ம காடிதானே" என்று சொல்லிவிட்டு, தாமும் அதன்மேல் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றார். பையனின் தாய்மாமாவும் அங்கே இருந்தார். அவர் பார்த்துச் சிரித்தார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் புத்தகத்தை விடத் திருப்புளியை அதிகம் நேசிக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அவன் ஏதாவது பழைய இரும்பை இழுத்துக்கொண்டு வந்தால் உடனே திட்டாதீர்கள். உடனே பணத்தையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பத்திரத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஓட வைப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.